சுழலில் சிக்கிய துகள்கள்: நாட்குறிப்பு

மார்ச் 3

வட்டத் தொட்டி, அதற்குள் இரண்டு சுழல்கள். ஒன்று சுழலும்போது மற்றது நிற்கும். குறித்த நேரம் கழிந்ததும் முறை மாறும். பாய்ம இயக்கவியல் அறிஞர் ஹசன் ஆரெஃப் 1984இல் எழுதிய கட்டுரையில் உள்ள அமைப்பு இது. இன்று கணினியில் ஓட்டத் தொடங்கினேன். எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் நீர் வட்டமடிக்கிறது, அவ்வளவே.

மார்ச் 4

சிவப்புத் துகளையும் நீலத் துகளையும் ஒட்டினாற்போல் விட்டேன். முதலில் கைகோத்துப் போகின்றன. முறை மாறும்போது மயிரிழை விலகுகின்றன. அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று மடங்கு மடங்காகப் பெருகி, சற்று நேரத்தில் ஒன்று இந்தக் கரையில், மற்றது அந்தக் கரையில்! நீர் இழுபட்டு, மடிந்து, மறுபடி இழுபடுவதே காரணம். காலத்தோடு மாறாத இருபரிமாண ஓட்டத்தில் இது நடக்கவே நடக்காது. துகள் தன் ஓட்டக்கோட்டை, அதாவது ஓட்டத்தின் திசையைத் தொட்டுச் செல்லும் கோட்டை, விட்டு நகர வழியில்லை. முறையை மிக விரைவாக மாற்றினாலும் ஒழுங்கு பெருமளவு திரும்பிவிடுகிறது. நிதானமாக மாற்றும்போதுதான் குழப்பம் தொட்டியெங்கும் பரவுகிறது. கொந்தளிப்பே இல்லாத நீரில் இப்படியொரு ஆட்டம். எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்கவில்லை.

மார்ச் 9

இனி துகளுக்கு நிறை உண்டு. ஓட்டத்தில் நிறையுள்ள துகள் எப்படி நகரும் என்று சொல்ல மாக்ஸியும் ரைலியும் 1983இல் தந்த சமன்பாட்டின் சுருக்கிய வடிவத்தைச் சேர்த்தேன். ஒற்றைச் சுழலில் மணலையும் குமிழியையும் விட்டால் மணல் வெளியே போகிறது, குமிழி மையத்துக்கு வருகிறது. சுழலின் நடுவில் அழுத்தம் குறைவு. அந்த அழுத்த வேறுபாடு உள்நோக்கித் தள்ளும் விசை, நீரை வட்டத்தில் வைத்திருக்கச் சரியாகப் போதும். மணலுக்கு அது போதாது; குமிழிக்கு மிகை.

மார்ச் 10

துகள் ஓட்டத்துக்கு இசைய எடுக்கும் நேரம், ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. காற்றில் 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. ஆரம் இரட்டித்தால் நான்கு மடங்கு. இந்த நேரத்தைச் சுழலின் நேரத்தோடு ஒப்பிடுவதே ஸ்டோக்ஸ் எண்.

மார்ச் 15

மேகத்துக்குள்ளும் இதே கதைதான். துளிகள் சுழல்களிலிருந்து வீசப்பட்டு, சுழல்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் நெருங்குகின்றன. மோதும் வாய்ப்பு கூடுகிறது.

மார்ச் 17

நீரின் அடர்த்தியே கொண்ட துகளாவது நீரோடு போகும் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். போதிய பருமன் இருந்தால் அதுவும், ஓட்டம் வலுவாக இழுபடும் இடங்களில், நீரின் பாதையை விட்டுப் பிரியக்கூடும். தடத்துகள் (ஓட்டத்தைக் காட்ட நீரில் விடும் துகள்) போன வழியே நீர் போன வழி என்று எழுதுகிறவர்கள் துகளின் அளவையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த எண் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.