அதிகம் பேசாத அத்தை

உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் அகமுகம் (தனக்குள் ஆழ்வது), புறமுகம் (வெளியுலகை நாடுவது) என்று மனித இயல்பைப் பிரித்தெழுதினார். அதன்மேல் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் அமைத்த 16 வகைகளில், அமைதியும் அக்கறையும் சேர்ந்த 'ஐ.எஸ்.எஃப்.ஜே.' வகையின் விளக்கத்தை நேற்றிரவு படித்தபோது, என் அத்தையை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போலிருந்தது. (உளவியலாளர் பலர் இவ்வகைப்பாட்டை ஏற்பதில்லை. சாதகம் பார்க்கும் வீட்டில் பிறந்த எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.)

கல்யாண வீட்டுக் கூடத்தில் அத்தை உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில், சர்க்கரை நோயுள்ள சித்தப்பாவின் இலையருகே, யாரும் கேட்காமலேயே ஒரு தம்ளர் மோர் வந்திருக்கும். அப்பா மருத்துவமனையில் இருந்த 11 நாளும், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எங்களைப் பேசவைத்தே களைப்படையச் செய்தார்கள். அத்தை மட்டும் மாத்திரை வேளைகளை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அம்மா முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

தமக்கு ஒன்று வேண்டுமென்று இவ்வகை மனிதர்கள் வாய்திறந்து கேட்பதில்லை என்பதே சிக்கல். அத்தைக்குக் கண்புரை முற்றியிருப்பது எங்களுக்குத் தெரிந்ததே, ஊசியில் நூல் கோத்துத் தரும்படி அவர் என்னை அழைத்த அன்றுதான்.