டர்பனில் கேப் அழுகண்ணி: விதையிலிருந்து பூ வரை

பூச்சி தின்னும் செடிகளில் டிரோசெரா கேப்பென்சிஸ், அதாவது கேப் அழுகண்ணி, வளர்ப்பவரை அதிகம் சோதிக்காது. டர்பனில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதன் சொந்த மண்ணான, தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது; நமக்கோ வெயில்காலத்தில் கொட்டிவிட்டு, இங்கே குளிர்காலமான ஆடியில் வானம் வறண்டு கிடக்கிறது. இந்தச் செடிக்கு வருடம் முழுக்க ஈரம் வேண்டும். ஆகவே வேலை முழுவதும் தண்ணீரைச் சுற்றித்தான்.

புரட்டாசி: கலவையும் விதைப்பும்

பீட் மாஸ் (சதுப்பில் மட்கிய பாசி) ஒரு பங்கு, சிலிக்கா மணல் ஒரு பங்கு. நீச்சல்குள வடிகட்டிக்குப் போடும் மூட்டை மணலே போதும். அலசும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கடற்கரை மணல் ஆகவே ஆகாது, அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். பீட் மூட்டையில் உரம் சேர்த்ததாக எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். சத்தில்லாத சதுப்பு மண்ணுக்குப் பழகிய வேர் இது. எருவும் தொட்டிமண் கலவையும் அதைக் கருக்கிவிடும். காய்ந்த பீட் தண்ணீரை லேசில் குடிக்காது. முந்தின இரவே வெதுவெதுப்பான மழைநீரில் ஊறப்போட்டுப் பிசைந்து வைப்பது நல்லது. மண்சட்டியிலிருந்து உப்பு கசியும் என்பதால் 10 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டிதான் சரி.

விதை ரவையைவிடப் பொடி. மடித்த காகிதத்தில் வைத்து, விரலால் தட்டித் தட்டி மேலாகத் தூவ வேண்டும். மூடினால் முளைக்காது, வெளிச்சம் பட்டாக வேண்டும். தொட்டியைத் தட்டில் வைத்து அடியிலிருந்து ஒரு செ.மீ. நீர் கொடுத்து, வாயை ஒளி புகும் பிளாஸ்டிக்கால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்துவிட வேண்டும். பாசி எழுந்து நாற்றை மூடப் பார்த்தால் சாமணத்தால் பிடுங்கி எடுக்கவும்.

தீபாவளி முதல் தைப்பூசம் வரை

குண்டூசித் தலையளவு நாற்றிலேயே பசைத்துளி நிற்கும். அந்த வயதில் பூச்சி அதற்குப் பெரிது. மீனுக்குப் போடும் செதில் தீனியைத் தூளாக்கி, ஈரப் பல்குச்சி நுனியில் ஒரு துகள் தொட்டு இலையில் வைக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கூடுதலாக வைத்தால் இலையிலேயே அழுகிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு செ.மீ. வளர்ந்ததும் அடிமண்ணோடு தோண்டி, 4 செ.மீ. இடைவெளியில் நடலாம்.

வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்கி, கடைசியில் வடக்குத் திண்ணைக்கு மாற்றுங்கள். வட அரைக்கோளத்துக் குறிப்புகளில் தெற்குச் சன்னல் என்றிருந்தால் இங்கே அதை வடக்கு என்று திருப்பிக்கொள்ள வேண்டும். வெயில் போதுமானால் இலைமேல் பசைத்துளி தாங்கும் இழைகள் சிவக்கும், போதாவிட்டால் இலை பச்சையாக நீண்டு தொங்கும்.

வளர்ந்த இலையில் ஈரமண் கொசு ஒன்று ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓரத்து இழைகள் சில நிமிடங்களில் அதன்மேல் சாயத் தொடங்கும். அப்புறம் இலையே பூச்சியைச் சுற்றி மடிய மணிக்கணக்காகும். சில நாள் கழித்து இலை விரியும்போது வெறும் கூடுதான் மிச்சம்.

மழைநீர் பிடிப்பதும் இதே காலத்தில்தான். கூரைத் துரு, தூசு, பறவை எச்சம் எதுவும் கலக்காமல் இருக்க, திறந்தவெளியில் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டிப் பிடிப்பதே மேல். ஒரு சதுர மீட்டரில் 10 மி.மீ. மழை என்றால் 10 லிட்டர். 30க்கு 40 செ.மீ. தட்டு ஒன்றுக்கு நாளுக்கு அரை லிட்டர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டால், வறண்ட நூறு நாளுக்கு 50 லிட்டர்: 25 லிட்டர் கேன் இரண்டு. வெளிச்சம் புகாத கேனாக இருந்தால் பாசி பிடிக்காது. மூடி இறுக்கமாக இருந்தால் கொசு முட்டையிடாது.

ஆடி

கோயில்களில் கூழ் ஊற்றும் இந்த நாட்களில்தான் செடி சோதனைக்கு உள்ளாகிறது. டர்பன் குளிர் அதை ஒன்றும் செய்யாது. உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வெப்பமாகவும் உலர்ந்தும் வந்து, ஒரே பகலில் பசைத்துளியைக் காயவைத்துவிடும். அப்போது இலைமேல் நீர் தெளிக்காதீர்கள், இருக்கும் பசையும் கழுவிக்கொண்டு போய்விடும். சுவர் மறைவுக்கு நகர்த்தி, தட்டில் 2 செ.மீ. நீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். காற்று அடங்கிய சில நாளில் துளி திரும்பும்.

கேன் தீர்ந்தால் காய்ச்சி வடித்த நீர் வாங்கலாம். குழாய்நீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பை அளக்கும் கருவி) பார்த்து, 50 பிபிஎம்முக்கு மேல் காட்டினால் ஊற்ற வேண்டாம். கொதிக்கவைத்துப் பயனில்லை: நீர் ஆவியாகும், கரைந்த உப்பு அப்படியே தங்கும். தட்டு நீரையும் அவ்வப்போது அளக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் தட்டைக் கொட்டிவிட்டு, மேலிருந்து மழைநீர் ஊற்றி மண்ணை அலசலாம்.

அடி இலை கறுத்து உதிர்வது இயல்பு. குருத்து சுருண்டு கோணலாக வந்தால் அசுவினி. தொட்டியோடு முழுச் செடியையும் மழைநீரில் ஒன்றிரண்டு நாள் மூழ்கவிட்டால் பூச்சி செத்துவிடும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

பூ

சுருண்ட தண்டு நிமிர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாக மலரும்; வெயில் இருந்தால்தான் விரியும், மாலைக்குள் மூடிவிடும். தானே கருவுற்றுக் காய்க்கும். காய் பழுப்பேறியதும் தண்டை வெட்டிக் காகித உறையில் தலைகீழாக வைக்க வேண்டும். விட்டுவைத்தால் பக்கத்துத் தொட்டியெல்லாம் அழுகண்ணியாகிவிடும். குவாசுலு-நட்டாலில் காட்டுச் சதுப்புகளில் இருக்கும் அழுகண்ணிகளை மட்டும் யாரும் பிடுங்கி வர வேண்டாம். இந்த உறை விதையே எத்தனையோ வீட்டுக்குப் போதும். நன்றாகக் காய்ந்த விதையைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கும் முளைக்கும்.