சயந்தன் கேட்ட கேள்வி

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் கந்தபுராணப் படிப்பு நடைபெறும். ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒழுங்கை விளக்க வேண்டியதில்லை. இவ்வருடம் புராணத்தின் கடைசிப் பகுதியான தக்க காண்டம் தொடங்கிய அன்று நான் மண்டபத் தூணோடு சாய்ந்திருந்து கேட்டேன். போர் முடிந்து, சூரன் சேவலும் மயிலுமாகி, தேவர்கள் சிறை மீண்டு, எல்லாம் சுபமாக முடிந்துவிட்ட பிறகு, இந்திரனின் மகன் சயந்தன் தன் குருவாகிய வியாழனிடம் கேட்கிறான்: நாங்கள் இத்தனை துன்பப்பட்டது எதனால்? வென்றவனின் வாயில் இந்தக் கேள்வியை வைத்ததற்காகவே கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியாரை எனக்குப் பிடிக்கும்.

வியாழனின் விடை தெரிந்ததுதான். சிவபெருமானை ஒதுக்கித் தக்கன் செய்த வேள்விக்குத் தேவர்கள் போனார்கள். அந்த வினையே சூரனாக வந்து வருத்தியது. அந்தச் சூரனுக்கு 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைக் கொடுத்தவரும் சிவபெருமானே என்பதைப் புராணம் மறைப்பதில்லை. ஆயினும் கதைக்குள் விடை ஒருவாறு பொருந்துகிறது, ஏனெனில் வருந்தியவர்கள் அந்த வேள்விச் சாலையில் இருந்தவர்கள்.

கதைக்கு வெளியே அது எனக்குப் பொருந்தவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழை பெய்துகொண்டிருந்தது. சின்னம்மாவின் மூன்று மாதப் பிள்ளை சில நாள்களின் பின் தென்மராட்சியில், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில், காய்ச்சலால் இறந்துபோனது. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990ஆம் ஆண்டு இதே ஒக்டோபர் 30இல், சோனகதெரு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றியிருந்தார்கள். இரண்டு திகதிகளும் ஒன்றாக இருப்பதை எங்களூரில் கவனிக்காதவர் குறைவு. "அந்தச் சனத்தின்ரை கண்ணீர்தான் எங்களை ரோட்டிலை விட்டது" என்று பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அயலவரை அனுப்பிவிட்டு வாய் மூடியிருந்த ஒருவர் தன் குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் சொல்லாக அதைச் சொன்னால், அதில் நேர்மை இருக்கிறது. உலகம் நடக்கும் விதத்திற்கு விளக்கமாக அதைச் சொன்னாலோ, 1990இல் பிறந்தே இராத ஒரு கைக்குழந்தையையும் ஆணையிட்டவர்களையும் ஒரே ஏட்டில் எழுதி, குழந்தையிடமிருந்து கடனை அறவிடும் ஒரு கடவுளை நாம் வணங்குவதாக ஆகிவிடும். முற்பிறப்பு வினை என்பார்கள். அந்த வாதத்தைத் தவறென்று காட்டவும் முடியாது, சரியென்று காட்டவும் முடியாது. அது எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்பதே எனக்கு அதன்மேல் உள்ள சந்தேகம்.

சைவ சித்தாந்தம் இதைவிட ஆழமாகவே சிந்தித்திருக்கிறது. கடவுள் நல்லவர், வல்லவர் என்றால் தீமையை ஏன் படைத்தார் என்ற கேள்வி, ஒன்றுமில்லாமையிலிருந்து அவரே யாவற்றையும் படைத்தார் என்போரைத்தான் நேரே தாக்கும். சித்தாந்தத்தில் உயிரும் அதைப் பிணிக்கும் பாசமும் பதியாகிய இறைவனைப் போலவே அநாதி, தொடக்கமில்லாதவை. செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும், பாசங்களுள் ஒன்றான ஆணவம் உயிரோடு என்றும் உள்ளது. இறைவன் அதை ஆக்கவில்லை, அதை நீக்கவே உடலையும் உலகத்தையும் தந்து தொழிற்படுகிறான். நானறிந்த விடைகளுள் இதுவே உறுதியானது என்பேன். இறைவன்மீதிருந்த பழி இதனால் நீங்குகிறது. ஆனால் களிம்பை நீக்கும் முறை ஏன் இத்தனை கொடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டால், சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் மறக்கருணையை, தண்டனை வடிவில் வரும் கருணையை, சொல்லும்: சொல்வழி வராத பிள்ளையைப் பெற்றோர் வளாரினால் அடிப்பதும் பரிவே, ஈசனுடைய சினமும் அத்தகையதே. அடிபட்ட பிள்ளை பிறகு எழுந்து சாப்பிட வருகிற வீட்டில் எழுதப்பட்ட உவமை அது. சின்னம்மாவின் பிள்ளை எழும்பவில்லை.

நவாலியைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பர் ஒருவரோடு இதைப்பற்றி அடிக்கடி பேசுவேன். 1995ஆம் ஆண்டு யூலை 9இல் அங்குள்ள புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மனிதருக்குச் சுயாதீனம் தந்ததால் தீமையும் வந்தது என்று அவருக்கு மறைக்கல்வியில் சொல்லித் தந்தார்களாம்; குண்டு போட்டவனுடைய சுயாதீனம் விளங்குகிறது, கோயிலுக்குள் இருந்தவர்களுடையது எங்கே என்று கேட்பார். அவர் பிடித்துக்கொண்டிருப்பது விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை. யோபுவின் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று வாதாடிய நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். முறையிட்டுச் சண்டைபிடித்த யோபுவையல்ல.

"நான் என்ன பாவம் செய்தனோ" என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்லுவார். அதைச் சொல்லி அழுது, செவ்வாய்க்கிழமைகளில் விரதமும் பிடிக்கிறார். அதே வினையை அவரைச் சுட்டி "அவளின்ரை வினை" என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னபோது, அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். சித்தாந்தம் படித்திராத அம்மாவின் கோபத்திலிருந்துதான் வினைக் கோட்பாட்டின் எல்லை எனக்குப் பிடிபட்டது. தன்னைப் பற்றி ஒருவர் சொன்னால் அது துக்கத்தைத் தாங்க ஒரு தடி. பிறரைப் பற்றிச் சொன்னால் அதே தடியால் அடி.

படிப்பு முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பயன் சொன்ன ஐயாவிடம், தக்கன் வேள்விக்குப் போகாதவர்கள் துன்பப்பட்டால் வியாழன் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். 1995இல் அவரும் அந்தப் பாலத்தால் நடந்தவர். "அதுக்குப் பயன் சொல்ல என்னாலை ஏலாது தம்பி," என்றார். "நாளைக்கு வாரும், மிச்சத்தைப் படிப்பம்."

மறுநாளும் போனேன்.