விளிம்பில் பெயர்ந்த எனாமல்

"கே யீ" என்று ஓவியரான அந்த அம்மையார் சொன்னதை அன்று நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். சீன மொழியில் அச்சொல்லுக்கு 'முடியும்', 'செய்யலாம்' என்று பொருள். இதில் தமக்கு இசைவு என்று சொன்னாரா, தம் கையால் இதைச் செய்ய இயலும் என்று மட்டும் சொன்னாரா என்பதை, சீனாவின் ஷென்ஷென் நகரில் ஐந்தாண்டுகள் கொள்முதல் முகவராக இருந்தும், என்னால் இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

ஒரு ஹோட்டலின் அறைகளுக்காக அந்நகரின் தாஃபென் ஓவியக் கிராமத்தில் எண்ணெய் வண்ணப் படங்கள் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மையாரின் படத்தில் ஒரு வெந்நீர்க் குடுவை, இரண்டு பேரிக்காய், ஒரு பழைய எனாமல் குவளை, வேறெதுவும் இல்லை. குவளையின் வயிற்றில் 'பரிசு' என்னும் சீன எழுத்து சிவப்பில் இருந்தது. நன்றாக உழைத்த தொழிலாளர்களுக்கு ஆலைகளில் அத்தகைய குவளைகளைக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. விளிம்பில், வாய் வைத்துக் குடிக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, எனாமல் பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பைச் சுற்றித் துருவின் நிறத்தில் மயிரிழை போன்ற வளையம் ஒன்றையும் வரைந்திருந்தார். விருந்தினர் தூங்கும் அறையில் உடைசல் பாத்திரம் கூடாது, அதை மட்டும் எடுத்துவிடட்டும் என்றார் வாடிக்கையாளர். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அம்மையார் படத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த குவளையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அந்த ஒரு சொல். டைட்டானியம் வெள்ளையில் இரண்டு இழுப்பு, வேலை முடிந்தது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஹாங்காங் வணிகர் ஹுவாங் ஜியாங் 1989இல் வந்து கடை விரித்த நாள்முதல் அந்த ஊர் பிழைத்ததே பிறர் கேட்டதை வரைந்து கொடுத்துத்தான். வான்கோவின் சூரியகாந்திகளைச் சலிக்காமல் நகலெடுத்த தெருக்களில், ஒரு பொட்டை மறைக்கச் சொன்னது அத்தனை பெரிய பாதகமா? சீன ஓவியர் லுவோ சோங்லி 1980இல் வரைந்த 'தந்தை' ஓவியத்தில், முதிய விவசாயியின் காதில் செருகியிருக்கும் பால்பாயிண்ட் பேனாவும் பிறர் யோசனையால் வந்து சேர்ந்ததுதான். அதனால் அந்தப் படம் சிறுமைப்பட்டுவிடவில்லை. ஆனால் அங்கே ஒன்றைச் சேர்த்தார்கள், நான் ஒன்றை எடுக்கச் சொன்னேன். இந்த வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா, என்னை நானே வருத்திக்கொள்ள உண்டாக்கிக்கொண்டதா, தெரியவில்லை. 2008 உலக நிதி நெருக்கடியில் வெளிநாட்டு ஆர்டர்கள் வற்றிய பிறகுதான் அங்குள்ளவர்களில் பலர் சொந்தப் படங்களின் பக்கம் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒருவரிடம் போய், மறுபடியும் கேட்டதை வரையச் சொன்னவன் நான்.

பேசிய தொகையில் ஒரு யுவான்கூடக் குறைக்கவில்லை. அந்தக் குவளை யாருக்குக் கிடைத்த பரிசு என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வாடிக்கையாளரிடம் வாதாடியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் படம் காய மூன்று வாரம் ஆயிற்று, அதற்குள் இருமுறை அங்கே போனேன், இருமுறையும் கேட்கவில்லை. இரண்டாம் முறை அதே குவளையில் எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். பெயர்ந்த இடம் என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தாரா என்று யோசித்தபடியே குடித்து முடித்து, வார்னிஷைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.