மார்லின்ஸ் 2018

2017 கடைசியில் மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியை ப்ரூஸ் ஷெர்மன் தலைமையிலான குழு சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியது. குழுவில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் முன்னாள் நட்சத்திரம் டெரெக் ஜீட்டரும் உண்டு. ஆட்டம் தெரிந்தவர் வந்திருக்கிறார், இனி நல்ல காலம்தான் என்று தோன்றுமா இல்லையா?

வந்த வேகத்தில் கடையைக் காலி செய்வது போல விற்க ஆரம்பித்தார்கள். அந்த வருடம் 59 ஹோம் ரன் அடித்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கிய ஜியான்கார்லோ ஸ்டான்டனைத் தள்ளிவிட்டது யாங்கீஸுக்கு! ஒசூனா செயின்ட் லூயிஸ் அணிக்கு, யெலிச் மில்வாக்கி அணிக்கு. அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், நின்ற மூன்று பேரும் போயாச்சு.

ஸ்டான்டனின் 32.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெரிய சுமைதான், மறுக்கவில்லை. அதற்காக மூவரையுமா?

2018இல் 63 வெற்றி, 98 தோல்வி. சீசன் முழுக்க மைதானத்துக்கு வந்தவர்கள் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர், லீக்கிலேயே கடைசி. இதில் வயிற்றெரிச்சல், அதே வருடம் யெலிச் மில்வாக்கிக்கு ஆடி எம்விபி வாங்கியது.

சரி, எல்லாமே நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. ஒசூனாவைக் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் சாண்டி அல்காண்டரா. 2022இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்குத்தான். அப்புறம், அதற்குள் ஜீட்டர் அணியை விட்டே போய்விட்டார்.