வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவு

11 வருஷம் டூர் மேனேஜரா இருந்தேன். காசி, கயா, டெல்லி, ஆக்ரா, இதுதான் ரூட்டு. ரூம் சாவி குடுக்குறது, தலை எண்ணுறது, மாத்திரை டப்பாவ தேடிக் குடுக்குறதுன்னு வேலை நூறு இருந்தாலும் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது பஸ் மைக்குதான். டெல்லி ஆக்ரா ரோட்டுல எல்லாரும் தூங்கி வழியுறப்போ முகலாய ராஜா ஜஹாங்கீரோட ராணி நூர்ஜஹான் கதைய எடுத்து விடுவேன் பாருங்க, பின் சீட்டு வரைக்கும் முழிச்சுக்கும்.

இளவரசரா இருந்த ஜஹாங்கீர் கையில ரெண்டு புறா, நூர்ஜஹான்கிட்ட புடிக்கக் குடுத்துட்டுப் போறாரு, வந்து பார்த்தா ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எப்படி பறந்துச்சுன்னு கேட்டா கையில இருந்ததையும் விட்டுட்டு "இப்படித்தான்"ங்கிறா. அப்புறம் அவ புருஷனை ஆள் வச்சுக் கொன்னுட்டு இவரே கல்யாணம் பண்ணிக்கிட்டாருன்னு முடிப்பேன். கைதட்டல் விழும். சில சமயம் டிப்ஸும்.

ஒரு தடவை ஆபீஸ்ல ரயில் டிக்கெட்டு மாத்திப் போட்டதுல ஆக்ரா நாள் வெள்ளிக்கிழமையா வந்துடுச்சு. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், பிரிண்ட் அவுட் ஒரு வாரமா என் பையிலதான் இருந்துச்சு, நானும் பார்க்கல. 38 பேரு. ஒருத்தர் மக கல்யாணத்துக்கு முன்னாடி தாஜ பார்க்கணும்னே வந்தவரு, அவரு முகத்த பார்க்கவே முடியல. மேத்தாப் பாக் தோட்டத்துல இருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் தூரத்துல தாஜ காட்டிட்டு, மிச்ச நேரத்த ஓட்டணுமேன்னு நூர்ஜஹானோட அப்பா இத்மாத் உத் தௌலா சமாதிக்கு பஸ்ஸ திருப்பினேன். சத்தியமா சொல்றேன், அத்தனை வருஷத்துல நானே அங்க உள்ள போனது இல்ல.

சின்ன கட்டடம்தான். ஆனா முழுக்க வெள்ளை மார்பிள், மார்பிள குடைஞ்சு கலர் கல்ல பதிச்சிருக்காங்க. சைப்ரஸ் மரம், பூஜாடி, கழுத்து நீண்ட மது குப்பி கூட இருக்கு. நான் ஒரு குப்பி மேல விரல வச்சுத் தடவுனேன், கல்லு எங்க முடிஞ்சு மார்பிள் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல, வாட்ச்மேன் விசிலடிச்சதும் கைய எடுத்துட்டேன். தன் அப்பா அம்மாவுக்கு நூர்ஜஹான் கட்டுனது, 1622ல ஆரம்பிச்சு 1628ல முடிஞ்சுது. தாஜ்மஹால் வேலை அதுக்கப்புறம்தான் தொடங்குச்சு. தாஜ்ல படுத்திருக்கிற மும்தாஜ் இவங்க அண்ணன் ஆசஃப் கான் பொண்ணுதான்.

குரூப்புல ரிட்டயர்டு சரித்திர டீச்சர் ஒருத்தங்க. கிட்ட வந்து மெதுவாத்தான் கேட்டாங்க, "தம்பி, அந்தப் புறாவ நீங்க பார்த்தீங்களா?"

சிரிச்சு மழுப்பினேன். விடல. "1607ல பர்த்வான்ல அவ புருஷன் செத்தான், வங்காளத்து கவர்னரும் அதே சண்டையில செத்தான். கல்யாணம் 1611ல. அவளுக்காகவே கொன்னவன் நாலு வருஷம் சும்மா உக்காந்திருப்பானாப்பா? அந்தக் காலத்து ஆளுங்க அப்படி எழுதவும் இல்ல, பின்னால வந்தவங்க கட்டுனது."

அப்புறம் அந்தப் படியிலேயே உக்காந்து அவங்க சொன்னத கேட்டப்போதான், நான் எதையெல்லாம் மைக்குல விட்டேன்னு தெரிஞ்சுது. கல்யாணம் ஆகும்போது 34 வயசு, ஒரு பொண்ணுக்கு அம்மா. அதுக்கப்புறம் காசுல பேரு. முகலாய ராஜ்யத்துல ராஜான்னா ரெண்டு அடையாளம், மசூதியில பேர் சொல்லி ஓதுறது, காசுல பேர் அடிக்கிறது. முதல்ல சொன்னது இவங்களுக்கு கிடைக்கல, ரெண்டாவது கிடைச்சுது, நூர்ஜஹான் பாதுஷா பேகம்னு பாரசீகத்துல பொறிச்ச காசு இன்னைக்கும் இருக்கு. சொந்தமா உத்தரவு போட்டாங்க, பஞ்சாப்புல நூர்மஹல்ல வழிப்போக்கர் தங்க சராய் கட்டுனாங்க. 1617ல யானை மேல இருந்து ஆறு குண்டுல நாலு புலிய சுட்டாங்கன்னு ஜஹாங்கீரே டைரியில பெருமையா எழுதியிருக்காரு. 1626ல மஹாபத் கான்ங்கிற தளபதி ஜீலம் ஆத்தோரம் ராஜாவையே புடிச்சு வச்சப்போ, யானை மேல ஏறி ஆத்துல இறங்கி சண்டைக்குப் போனாங்க, பேத்திக் குழந்தையும் கூட. தோத்துட்டாங்க, சரண்டர் ஆகி உள்ள போயி, சில மாசத்துல தந்திரமா புருஷன வெளிய கொண்டுவந்தாங்க.

இவ்ளோ மசாலா கையில இருக்க, நான் புறாவ வித்துட்டிருந்தேன்.

அடுத்த ட்ரிப்புல இருந்து ஜீலம் ஆத்தச் சொன்னேன். முதல் ரெண்டு தடவை எடுபடல, ஒருத்தர் "லவ் ஸ்டோரி ஏதும் இல்லையா சார்?"னு கேட்டாரு. யானைய ஆத்துல இறக்குற இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்னு அப்புறம்தான் புடிபட்டுச்சு. ஆனா இத்மாத் உத் தௌலாவ ரூட்டுல சேக்கச் சொன்னா ஆபீஸ்ல கடைசி வரை ஒத்துக்கல, டிக்கெட்டு செலவு, டீசல், யாரு அத கேக்குறாங்கன்னு. பேத்தா மிட்டாய் கடையில நிக்கிற நேரத்த பாதியா குறைச்சு நானே கூட்டிட்டுப் போவேன். கடைக்காரருக்கு என் மேல கோவம்.

கடைசியா போன குரூப்புல ஒரு காலேஜ் பொண்ணு அங்க நின்னு கேட்டுச்சு, "இது அவங்க அப்பா அம்மாவுது, அவங்க எங்கண்ணா?"

லாகூர்ம்மான்னேன். 1627ல ஜஹாங்கீர் செத்ததும் சொந்த அண்ணனே மாப்பிள்ளை ஷாஜஹான் பக்கம் சாஞ்சுட்டான், இவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் பென்ஷன், லாகூர்ல பொண்ணோட இருந்து 1645ல செத்தாங்க. லாகூர் பக்கத்துல ஷாதராவுல சமாதி. ஜஹாங்கீர் சமாதியும் அங்கதான், நடுவுல வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை ஓடுது.

"அங்க டூர் இருக்கா?"

இல்லம்மான்னு சொல்றதுக்குள்ள தயிர் சாதம் ரெடின்னு பஸ்ல இருந்து சமையல்காரரு கத்திட்டாரு.