கச்சான் காலத்துத் தோல் அரிப்பு: உப்புவெளி நாட்குறிப்பு

2024 ஜூன் 9, ஞாயிறு

கச்சான் காற்று பலத்துவிட்டது. தரையிலிருந்து கடலை நோக்கி இந்தக் காற்று வறண்டு வீசத் தொடங்கினால் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் முதலில் மாறுவது மகளின் தோல்தான். முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வெளிறிச் சொரசொரத்து, பிறகு சிவந்து, இரவில் அவளைத் தூங்கவிடாமல் அரிக்கின்றன. சொறியச் சொறியத் தோலின் மேற்படை உடைகிறது. உடைந்த இடத்தால் ஈரம் வெளியேறுவதால் தோல் மேலும் வறண்டு, முன்னையிலும் கூடுதலாக அரிக்கிறது. இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுக்கலாம் என்பதே கரப்பான் (எக்ஸிமா) என்னும் இந்தத் தோல் நோய் உள்ள பிள்ளையின் தாய்க்கு முதற்கேள்வி.

நாங்கள் குளிப்பில் தொடங்கினோம். கிணற்றுத் தண்ணீரில் பத்து நிமிடத்துக்கு மேற்படாத குளிப்பு; சவர்க்காரம் அக்குளுக்கும் பாதத்துக்கும் மட்டும். பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே மேலிருந்து கீழாகப் பூச வேண்டும். ஈரம் உலர்ந்த பின் பூசினால் எண்ணெய் பூட்டிவைப்பதற்கு உள்ளே எதுவும் மிஞ்சியிராது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் சுத்தத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்குக் கனிம எண்ணெய் பூசியவர்களைவிட நல்ல குணம் கிடைத்திருக்கிறது. நம் வீட்டுப் போத்தலில் இருப்பதன் மதிப்பை நாம் உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விலை கூடிய ஒலிவ் எண்ணெய் நல்லதென்று பலர் வாங்குகிறார்கள். அது தோலின் மேற்படையைத் தளர்த்தக் கூடியது.

2024 ஜூன் 13, வியாழன்

மகளைக் குளிப்பாட்ட மாமி வேப்பிலை அவித்தார். மகள் அவசரப்பட்டபோது அவர் சொன்னது: "ஆறட்டும் பிள்ளை, சூட்டோட வாத்தா கடி கூடும்." முற்றிலும் சரியான பேச்சு. சூடு இரத்தக் குழாய்களை விரித்து அரிப்பைத் தூண்டும். சுடுநீர் ஊற்றும்போது கிடைக்கும் சுகம் சிறிது நேரத்தில் போய்விடும். அரிப்பு மிகுந்த வேளையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைப்பதைவிட விரைவாக ஆற்றும் வீட்டு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

மஞ்சளோடு தேசிக்காய் (எலுமிச்சை) சாறு சேர்த்துப் பூசும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்பி, பல வாரங்களுக்குக் கருந்தழும்பு நிற்கும். திருகோணமலை வெயிலில் அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. கற்றாழைக்கும் ஒரு முறை உண்டு. மடலை வெட்டியவுடன் நிமிர்த்திவைத்து, அடியில் வடியும் மஞ்சள் பாலை முழுதும் ஒழுகவிட்டு, கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பாலே பலருக்கு எரிவைத் தருவது. எதைப் பூசுவதானாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

2024 ஜூன் 21, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்கா நேற்று மதியம் சூரைமீன் கறி உண்டு ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெங்கும் அரிப்பும் தலையிடியுமாக வந்தார். இத்தனை காலம் உண்ட மீன் இப்போது ஒத்துக்கொள்ளவில்லை என்று கலங்கினார். வைத்தியர் பார்த்துவிட்டு, இது மீனுக்கான ஒவ்வாமை அன்று, மீன் வெயிலில் இருந்ததால் வந்தது என்றார்.

இதைக் கடற்கரை ஊர்க்காரர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சூரை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடம்பே வெளிவிடும் பொருளும் அதுதான். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், புளி எவ்வளவு விட்டாலும் அது அழியாது. மீன் கெட்ட மணமும் வீசாமலிருக்கலாம். நாக்கில் மிளகுபோல் உறைத்தால் அந்தக் கறியை ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வாமை மாத்திரையுடன் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குணமாகும். அக்கா இன்று எழுந்து நடமாடுகிறார்.

2024 ஜூன் 30, ஞாயிறு

விடுதியிலிருந்து வந்த மருமகனுக்கு இரவில் மட்டும் கடுமையான அரிப்பு. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பைச் சுற்றியும் சிறு பருக்கள். இது சிரங்கு. வேப்பிலை அரைத்துப் பூசி நாளைக் கடத்த இடமில்லை, ஏனெனில் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் சிற்றுண்ணி வீட்டாருக்கெல்லாம் தொற்றும். வைத்தியர் தந்த 5 வீதப் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுதும் பூசி, காலையில் கழுவினோம். ஒரு வாரத்தில் மறுபடி பூசுவோம். துணிகள் சுடுநீருக்கும் வெயிலுக்கும் போயின. உண்ணி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் நிற்கலாம்.

2024 ஜூலை 7, ஞாயிறு

மாமி மகளுக்குக் கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி, அதாவது அரிப்பைக் கிளப்பும் உணவு, என்று நிறுத்தச் சொல்கிறார். அவருடைய அக்கறை பெரிது. கத்தரிக்காய் உண்டால் வாய் அரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வளரும் பிள்ளைக்கு இப்படியே முட்டையையும் மீனையும் ஊகத்தில் நிறுத்துவது அவளை மெலியவைக்கும். உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே உணவால் திரும்பத் திரும்பத் தடிப்பு எழுந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போகும் காணாக்கடி என்னும் அரிப்புத் தடிப்புக்குப் பெரும்பாலும் உணவு காரணமாவதில்லை.

தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினால், குரல் அடைத்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழுந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே வேலையில்லை. பிரிட்டன் (Piriton) என்னும் ஒவ்வாமை மாத்திரையும் போதாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிரைக் காக்கும். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டு, நோயாளியை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம். ஊசி போட்டு அடங்கினாலும் சில மணி நேரத்தில் திரும்பக்கூடும் என்பதால் வைத்தியசாலையில் தங்கியே ஆக வேண்டும்.

சாதாரணத் தடிப்பு ஒரு நாளுக்குள் மறைந்துவிடுவதால் வைத்தியரிடம் போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எழும்பியவுடன் படம் எடுத்து, அதற்கு முன் உண்டது, பூசியது, விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைக்கும்படி அக்காவிடமும் மாமியிடமும் சொல்லியிருக்கிறேன்.